போன் கொடுத்ததும் அமைதியாகிவிடும் குழந்தை... அந்த நேரத்தில் எதைத் தவறவிடுகிறது?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு நகரத்தின் எந்தக் குடும்ப ரெஸ்டாரன்ட்டுக்குள் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். உயர நாற்காலியில் இரண்டு வயதுக் குழந்தை. எதிரே தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த போன். திரையில் கலர் கலராக ரைம்ஸ் ஓடுகிறது. அம்மா இட்லியைப் பிட்டு நீட்டினால், தட்டைப் பார்க்காமலேயே வாய் திறக்கிறது. பக்கத்து மேஜையில் இருக்கும் இன்னொரு குழந்தை இதைப் பார்த்துச் சிரிக்கிறது, கையை ஆட்டுகிறது. இது கவனிக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் குழந்தையும் திரும்பிக்கொள்கிறது.

"அமைதியா இருக்கான்ல, விடுங்க. நாமளும் நிம்மதியா நாலு வாய் சாப்பிடலாம்" என்பதுதான் பெரும்பாலான பெற்றோரின் மனநிலை. அதில் தப்பு சொல்ல முடியாது. இருவரும் வேலைக்குப் போகிற வீடு, உதவிக்கு ஆள் இல்லாத அபார்ட்மென்ட், வாரத்துக்கு ஒருமுறை வெளியே சாப்பாடு. போன் கைகொடுக்கிறது.

திரையால் கண்ணுக்கும் தூக்கத்துக்கும் என்ன ஆகும் என்று நிறையவே பேசியாயிற்று. மற்றவர்களோடு பழகும் விதத்துக்கு என்ன ஆகிறது? ஆய்வுகள் சொல்வதைப் பார்க்கலாம்.

பழகுவது எப்போது தொடங்குகிறது?

"எல்.கே.ஜி போனா நாலு பேர்கூடப் பழகிடுவான்" என்று வீட்டில் சொல்வதுண்டு. உண்மையில் அதற்கு வெகு முன்பே, பேச்சு வருவதற்கும் முன்பே அது தொடங்கிவிடுகிறது.

பாட்டிகள் விளையாட்டுக் காட்டும் விதத்தை யோசித்துப் பாருங்கள். குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையால் பருப்பு கடைவார்கள். ஒவ்வொரு விரலாக மடக்கி அம்மாவுக்கு, அப்பாவுக்கு என்று பங்கு வைப்பார்கள். கடைசியில் விரல்கள் நண்டு மாதிரி ஊர்ந்து போய் அக்குளில் கிச்சுகிச்சு மூட்டும். இரண்டாவது முறை விளையாடும்போது, விரல் முழங்கையைத் தாண்டும் முன்பே குழந்தை சிரிக்க ஆரம்பித்துவிடும். அடுத்து என்ன வரும் என்று அதற்குத் தெரியும். பாட்டியின் முகத்தைப் பார்க்கிறது, காத்திருக்கிறது, தன் முறை வந்ததும் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பாட்டி இன்னொரு முறை கடைகிறார்.

நிலாச்சோறும் இப்படித்தான். "அங்க பாரு நிலா" என்று கை காட்டினால் குழந்தை விரலைப் பார்க்கும், நிலாவைப் பார்க்கும், திரும்ப அம்மாவின் முகத்தைப் பார்க்கும். இரண்டு பேர் சேர்ந்து ஒரே பொருளைக் கவனிக்கும் இந்தப் பழக்கத்தைக் குழந்தை வளர்ச்சி நிபுணர்கள் 'இணைந்த கவனம்' என்கிறார்கள். பேச்சுக்கும் நட்புக்கும் இதுதான் அஸ்திவாரம்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் அறுந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970-களிலேயே காட்டினார். கொஞ்சி விளையாடிக்கொண்டிருக்கும் அம்மா திடீரென எந்த உணர்ச்சியும் காட்டாமல் இரண்டு மூன்று நிமிடம் குழந்தையையே பார்த்தபடி இருக்க வேண்டும். அவ்வளவுதான் பரிசோதனை. குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது. கையை நீட்டுகிறது, சத்தம் போடுகிறது. ஒன்றும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, அழுகிறது. சில மாதக் குழந்தைக்கே, தான் செய்வதற்குப் பதில் வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது என்பதை இது காட்டியது.

வீடியோவும்தான் பேசுகிறதே?

"இங்கிலீஷ் ரைம்ஸ் பார்த்தே கலர் எல்லாம் சொல்றா" என்று பெருமைப்படும் பெற்றோர் உண்டு. கொஞ்சம் வளர்ந்த குழந்தைகள் நல்ல நிகழ்ச்சிகளிலிருந்து கற்றுக்கொள்வது உண்மைதான். கைக்குழந்தைகளின் கதை வேறு.

2003-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பாட்ரீசியா குல் குழுவினர், 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மாண்டரின் மொழியை அறிமுகப்படுத்தினார்கள். ஒரு பிரிவுக்கு ஆட்கள் நேரில் வந்து புத்தகம் படித்தார்கள், பொம்மை வைத்து விளையாடினார்கள். மொத்தம் 12 அமர்வுகள். இன்னொரு பிரிவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் வீடியோவில். நேரில் பழகிய குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். வீடியோ பார்த்தவர்களிடம் எந்த முன்னேற்றமும் இல்லை.

அப்படியென்றால் திரைதான் வில்லனா? அதுவும் இல்லை. 2014-ல் அமெரிக்காவில் இரண்டு முதல் இரண்டரை வயதுக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. புதிய வினைச்சொற்களை நேரில் சொல்லித்தந்தபோது கற்றுக்கொண்டார்கள். வீடியோ காலில் சொல்லித்தந்தபோதும் கற்றுக்கொண்டார்கள். முன்பே பதிவு செய்த வீடியோவைப் பார்த்தவர்கள் கற்றுக்கொள்ளவில்லை.

வீடியோ காலிலும் பதிவு செய்த வீடியோவிலும் திரை ஒன்றுதான். ஆனால், வீடியோ காலில் எதிரே இருப்பவர் குழந்தையைப் பார்க்கிறார். அது கேட்டால் பதில் சொல்கிறார், சிரித்தால் சிரிக்கிறார். ரைம்ஸ் வீடியோ யார் சிரித்தாலும் அழுதாலும் அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கோயம்புத்தூர் தாத்தா பெங்களூரு பேத்தியோடு தினமும் வீடியோ காலில் பேசினால், அதை 'ஸ்க்ரீன் டைம்' கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று குழந்தை நல மருத்துவர்களின் அமைப்புகளே சொல்வது இதனால்தான்.

ஒரு நிமிடத்துக்கு எத்தனை வார்த்தை குறைகிறது?

இதை எண்ணியே பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 220 குடும்பங்களின் குழந்தைகள் அணியும் சட்டையில் சிறு ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்தி, ஒரு வயது முதல் மூன்று வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாள் முழுக்கப் பதிவு செய்தார்கள். 2024-ல் வெளியான முடிவின்படி, மூன்று வயதில் திரை நேரம் ஒரு நிமிடம் கூடும்போது:

• பெரியவர்கள் குழந்தையிடம் பேசும் வார்த்தைகள் 6.6 குறைகின்றன.
• குழந்தை எழுப்பும் பேச்சொலிகள் 4.9 குறைகின்றன.
• நீ ஒன்று, நான் ஒன்று என்று மாறி மாறிப் பேசும் சுற்றுகள் 1.1 குறைகின்றன.

நிமிடத்துக்கு ஒன்று என்றால் சின்ன எண்ணாகத் தெரியலாம். ஒரு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் அறுபதுக்கும் மேற்பட்ட உரையாடல் சுற்றுகள். "இது என்னம்மா?" "காக்கா." "காக்கா ஏன் கத்துது?" "பசிக்குதாம்." இப்படியான பேச்சுகள்தான் அவை. அதில்தான் குழந்தை கேட்கப் பழகுகிறது, காத்திருக்கப் பழகுகிறது, குறுக்கே பேசினால் என்ன ஆகும் என்றும் தெரிந்துகொள்கிறது.

போன் மட்டுமல்ல, யாரும் சரியாகப் பார்க்காமல் ஹாலில் ஓடும் டி.வி-யும் இதில் சேர்த்தி. பின்னணியில் டி.வி ஓடும்போது சிறு குழந்தைகள் ஒரு பொம்மையோடு விளையாடும் நேரம் குறைகிறது, பெற்றோர் குழந்தையோடு பேசுவதும் குறைகிறது என்று 2008, 2009-ம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் காட்டின. மாலை ஆறு மணிக்கு ஆரம்பித்துப் பத்து மணி வரை சீரியல் ஓடும் வீடுகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அழுகையை நிறுத்த போன்: பழக்கமானால்?

போனை எப்போது கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். டாக்டர் கிளினிக்கில் காத்திருக்கும்போது, பஸ்ஸில் அடம்பிடிக்கும்போது, பொம்மை கேட்டு உருளும்போது என்று பெரும்பாலும் அழுகையை நிறுத்தத்தான் கொடுக்கிறோம்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழந்தை நல மருத்துவர் ஜென்னி ரடெஸ்கி குழுவினர், 3 முதல் 5 வயதுக் குழந்தைகளின் பெற்றோர் 422 பேரைச் சில மாதங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். 2022 டிசம்பரில் ஆய்வு வெளியானது. குழந்தையைச் சமாதானப்படுத்த அடிக்கடி போனையோ டேப்லெட்டையோ பயன்படுத்திய வீடுகளில், பின்னாட்களில் குழந்தைகளின் உணர்ச்சிக் கொந்தளிப்பு அதிகமாக இருந்தது. குறிப்பாக ஆண் குழந்தைகளிடமும், இயல்பிலேயே துறுதுறுவென இருக்கும் குழந்தைகளிடமும் இந்தத் தொடர்பு வலுவாக இருந்தது.

கோபமும் ஏமாற்றமும் வரும்போது அதைத் தாங்கி மீண்டு வர, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து உதவ உதவத்தான் குழந்தை கற்றுக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் அழுகையின் பாதியிலேயே போன் வந்துவிட்டால், அந்தப் பயிற்சிக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. நாளைக்கு விளையாட்டில் தோற்றாலோ, இன்னொரு குழந்தை சைக்கிளைப் பிடுங்கினாலோ, கையில் போன் இல்லாத நேரத்தில் அது திணறும்.

காய் விட்டால்தானே பழம் விட முடியும்?

மூன்று வயதுக்கு மேல் குழந்தையின் உலகத்தில் சக குழந்தைகள் வருகிறார்கள். பிடுங்குவது, அடிப்பது, "உன்கூட காய்" என்று விரலைக் காட்டிவிட்டு அரை மணி நேரத்தில் "பழம்" விட்டுத் திரும்பவும் சேர்ந்துகொள்வது. பெரியவர்களுக்குத் தொல்லையாகத் தெரியும் இந்தச் சண்டையில்தான் விட்டுக்கொடுப்பதும் மன்னிப்புக் கேட்பதும் பழக்கமாகின்றன. ஆப்பில் இருக்கும் கார்ட்டூன் நாய்க்குட்டி ஒருநாளும் காய் விடாது. பிடிக்கவில்லை என்றால் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடலாம்.

மற்றவர் முகத்தைப் படிக்கும் திறனும் பழகப் பழகத்தான் கூர்மையாகிறது. 2014-ல் கலிஃபோர்னியாவில் ஆறாம் வகுப்பு மாணவர்கள் 51 பேர், திரை எதுவும் இல்லாத இயற்கை முகாமில் 5 நாட்கள் தங்கினார்கள். திரும்பி வந்தபோது, படத்திலும் வீடியோவிலும் உள்ளவர்களின் முகபாவத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கண்டறிவதில், வழக்கம்போல இருந்த மற்ற மாணவர்களைவிட அதிக முன்னேற்றம் காட்டினார்கள். போன் இல்லாததால் மட்டும் அப்படி ஆனதா, நாள் முழுக்க நண்பர்களோடு இருந்ததாலா என்று இந்த ஆய்வை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. நிஜ வாழ்க்கையிலும் இரண்டும் ஒன்றாகவே நடக்கின்றன. போனைக் கீழே வைத்தால்தான் நண்பர்களுக்கு நேரம் கிடைக்கிறது.

"இந்தக் காலத்துப் பசங்களே இப்படித்தான்" - உண்மையா?

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். அமெரிக்கச் சமூகவியலாளர்கள் டக்ளஸ் டவுனியும் பெஞ்சமின் கிப்ஸும் 1998-ல் மழலையர் பள்ளியில் சேர்ந்தவர்களையும், ஐபோன் வந்த பிறகு 2010-ல் சேர்ந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். நண்பர்களைச் சேர்ப்பது, கோபத்தை அடக்குவது போன்ற திறன்களுக்கு ஆசிரியர்கள் கொடுத்த மதிப்பீட்டில் சரிவு ஏதும் இல்லை. ஆன்லைன் கேம், சமூக ஊடகம் ஆகியவற்றுக்கு ஒரு நாளில் பலமுறை போய்வந்த குழந்தைகளிடம் மட்டும் லேசான குறைவு தெரிந்தது. 2020-ல் இந்த ஆய்வு வெளியானது. ஒரு தலைமுறையே கெட்டுவிட்டது என்று சொல்ல ஆதாரம் இல்லை என்பதுதான் இதன் பொருள்.

ஜப்பானில் 7,097 தாய்-குழந்தை ஜோடிகளைப் பின்தொடர்ந்து 2023-ல் வெளியான ஆய்வும் கவனிக்க வேண்டியது. ஒரு வயதில் அதிகத் திரை நேரம் இருந்த குழந்தைகளுக்கு, 2 வயதில் தகவல் தொடர்பிலும் சமூகத் திறனிலும் தாமதம் இருக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. 4 வயதில் பார்த்தபோது தகவல் தொடர்பு, பிரச்சினைகளைத் தீர்க்கும் திறன் ஆகிய இரண்டில்தான் அந்தத் தொடர்பு தெரிந்தது.

இன்னொன்று, இவற்றில் பல ஆய்வுகள் காட்டுவது தொடர்பைத்தான், காரணத்தை அல்ல. இயல்பிலேயே அதிகம் அடம்பிடிக்கும் குழந்தைக்குப் பெற்றோர் அதிகம் போன் கொடுக்கலாம். உதவிக்கு ஆளில்லாத வீட்டில் போனும் அதிகம், பேச்சும் குறைவு என்று இருக்கலாம்.

'விர்ச்சுவல் ஆட்டிசம்' என்று ஒன்று இருக்கிறதா?

போன் பார்த்தால் ஆட்டிசம் வரும் என்று சொல்லும் ரீல்ஸ்களும் ஃபார்வர்டுகளும் ஏராளம். 'விர்ச்சுவல் ஆட்டிசம்' என்பது ருமேனிய உளவியலாளர் மாரியஸ் ஸம்ஃபிர் முன்வைத்த சொல். மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5, ஐசிடி-11 ஆகிய இரண்டிலும் அப்படி ஒரு பிரிவு கிடையாது. ஆட்டிசம் என்பது மரபணுக்களுக்குப் பெரும் பங்கு உள்ள, மூளை வளர்ச்சி சார்ந்த நிலை. போன் கொடுத்ததால்தான் வந்தது என்று ஓர் அம்மாவைக் குற்றம் சாட்டுவது அநியாயம்.

இந்தச் சொல்லால் இன்னொரு ஆபத்தும் உண்டு. "போனை நிறுத்தினா சரியாயிடும்" என்று நம்பி ஆறு மாதம், ஒரு வருடம் காத்திருந்தால், உண்மையிலேயே பயிற்சி தேவைப்படும் குழந்தைக்கு மிக முக்கியமான காலம் வீணாகும். கீழே உள்ளவற்றில் ஏதாவது இருந்தால், போனை நிறுத்துவதோடு மருத்துவரையும் பாருங்கள்:

• 12 மாதமாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை.
• 18 மாதமாகியும் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லை.
• 16 மாதமாகியும் ஒரு வார்த்தைகூட வரவில்லை.
• 2 வயதாகியும் "பால் வேணும்" மாதிரி இரண்டு வார்த்தை சேர்த்துச் சொந்தமாகப் பேசவில்லை.
• எந்த வயதிலும், ஏற்கெனவே வந்த பேச்சோ பழக்கமோ நின்றுபோகிறது.

குழந்தை நல மருத்துவரிடம் போகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்களிலும் கேட்கலாம்.

எவ்வளவு நேரம் சரி?

• உலக சுகாதார நிறுவனம் (2019): ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம். அதைவிடக் குறைந்தால் இன்னும் நல்லது.
• இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் (2022): 2 வயதுக்குள், உறவினர்களோடு பேசும் வீடியோ கால் தவிர வேறெதுவும் வேண்டாம். 2 முதல் 5 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.
• அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி (2016): சாப்பிடும்போதும், தூங்கப் போவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலும் திரை வேண்டாம்.

நம்ம கையில் இருக்கும் போன்?

குழந்தையிடமிருந்து போனைப் பிடுங்கிவிட்டு, அதே சோபாவில் உட்கார்ந்து ரீல்ஸ் பார்த்தால் என்ன பலன்?

பாஸ்டன் பகுதி ஃபாஸ்ட் ஃபுட் உணவகங்களில் குழந்தைகளோடு சாப்பிட வந்த 55 பெரியவர்களை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். 40 பேர் சாப்பாட்டின்போது போன் பார்த்தார்கள். போனில் மூழ்கிப்போன சிலர், குழந்தை கவனத்தை இழுக்க முயன்றபோது கடுகடுத்தார்கள். இது 2014-ல் வெளியான ஆய்வு.

ட்ரோனிக்கின் பழைய பரிசோதனையையே 2018-ல் போனை வைத்து நடத்திப் பார்த்தார்கள். ஏழு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான 50 குழந்தைகள். அம்மா போனைப் பார்க்கத் தொடங்கியதும் குழந்தைகளின் மகிழ்ச்சியும் துருதுருப்பும் குறைந்தன. வீட்டில் அதிகம் போன் பார்ப்பதாகச் சொன்ன அம்மாக்களின் குழந்தைகள், அம்மா போனை வைத்துவிட்டுத் திரும்பிய பிறகும் பழைய உற்சாகத்துக்கு வர அதிகம் சிரமப்பட்டார்கள். சோதித்தது அம்மாக்களை. அதனால் அப்பாக்கள் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

என்ன செய்யலாம்?

ஒரு வேளைச் சாப்பாட்டில் தொடங்குங்கள்: மூன்று வேளையையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ராத்திரிச் சாப்பாடு மட்டும் போன் இல்லாமல். முதல் சில நாள் அழுகையும் இறைச்சலும் இருக்கும். தரையில் சிந்தினாலும் பரவாயில்லை, கையால் எடுத்துச் சாப்பிட விடுங்கள். எடை பற்றிக் கவலை இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள்.

கொடுத்தால் கணக்காகக் கொடுங்கள்: ஆபீஸ் கால் இருக்கிறது, வேறு வழி இல்லை. சரி. ஆட்டோபிளேயை அணைத்துவிட்டு "ரெண்டு பாட்டு, அப்புறம் போன் தூங்கப் போயிடும்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். முடிந்ததும் அடுத்து என்ன என்பதும் தயாராக இருக்கட்டும்.

கூட உட்காருங்கள்: "நாய்க்குட்டி ஏன் அழுது? நம்ம தெரு நாய் இப்படியா குரைக்கும்?" என்று கேட்டால், பார்ப்பதும் ஒரு பேச்சாக மாறும்.

அழும்போது முதலில் மடி: "கோபமா இருக்கா? பொம்மை கிடைக்கலன்னு வருத்தமா?" என்று அந்த உணர்ச்சிக்கு ஒரு பெயர் சொல்லுங்கள். அழுது முடிக்க நேரம் கொடுங்கள்.

சக குழந்தைகளைத் தேடுங்கள்: பால்வாடி, பூங்கா, மொட்டை மாடி, பக்கத்து வீடு என எதுவாக இருந்தாலும் சரி. சண்டை வந்தால், அடிதடி ஆகாதவரை உடனே நடுவில் போகாதீர்கள்.

சொல்லிவிட்டுப் போனை எடுங்கள்: "அம்மா ஆபீஸ் மெசேஜுக்குப் பதில் அனுப்பிட்டு, அஞ்சு நிமிஷத்துல வரேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி வந்துவிடுங்கள்.

நாள் முழுக்கக் குழந்தையோடு உட்கார யாராலும் முடியாது, அது தேவையும் இல்லை. வேலை முடிந்து வந்ததும் இருபது நிமிடம் போனை அலமாரியில் வைத்துவிட்டுத் தரையில் உட்காரலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரெஸ்டாரன்ட்டுக்குப் போகும்போது, முதல் பத்து நிமிடமாவது போன் பைக்குள்ளேயே இருக்கட்டும். பக்கத்து மேஜையில் யாராவது கை ஆட்டினால், இந்த முறை உங்கள் குழந்தையும் பார்க்கும்.